வெள்ளையடித்த சுவரில் ஒட்டிய கண்ணாடி

நான் தேநீர் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் மலைகளுக்கு நிறம் கொடுப்பார்கள். நிஜ மலைக்கு அல்ல, கம்ப்யூட்டரில் இருக்கும் மலைக்கு. எந்தச் சரிவு மழையில் இடிந்து வரும் என்று கணக்குப் போடுவார்கள். வரும் என்று தோன்றினால் சிவப்பு, யோசிக்க வேண்டியதென்றால் மஞ்சள், பரவாயில்லை என்றால் பச்சை. திருவனந்தபுரத்தில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே அங்கே சேரும்வரை எனக்குத் தெரியாது. கரமனையில் நான் குடியிருக்கும் அறையிலிருந்து ஒரே பஸ். காலையில் போய்ப் பெருக்கி, மேசை துடைத்து, இரண்டு வேளை டீ போட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை இருந்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். "தெரியாதா?" என்பார். தலையாட்டுவேன். "தெரியாதுன்னா உட்காரு" என்பார். படித்த பாடமெல்லாம் மறந்துபோய் அந்த 'உட்காரு' மட்டும் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தெரியாததைத் தெரியாது என்றுகூடச் சொல்லாமல், சும்மா சிரித்துவிட்டு நகர்ந்துவிடப் பழகிக்கொண்டேன். அப்படியே வயதாகிவிட்டது.

அந்த அலுவலகத்தில் நாள் முழுக்க ஒரு வார்த்தை காதில் விழும். அன்சர்ட்டன்டி. மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் அதைப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அது அதிகம் என்று ஒருவர் சொல்வார், அதை எப்படிக் காட்டுவது என்று இன்னொருவர் தலையைச் சொறிவார். ஏதோ அவர்கள் வேலையில் விழுந்த அழுக்கு, துடைத்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் எஞ்சினியர் மேடம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். என் மகள் என்று சொல்லக்கூடிய வயது. மலையாளி. என்னோடு பேசுவதற்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். அவர் முன்னால் திரையில் ஒரு மலை. பொத்தானைத் தட்டத் தட்ட அதே மலை மஞ்சளாகிறது, சிவப்பாகிறது, மறுபடி பச்சையாகிறது. டீத் தட்டோடு கதவுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"நோக்குங்க அம்மா, வெறுதே நோக்கலாம். அதுக்கெதுக்கு வாதில் பின்னாடி நிக்கறது?"

"ஒரே மலைதானே மேடம், ஒவ்வொரு தடவையும் வேற வேற நிறம் வருதே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

"மழையை மாத்தி மாத்திப் பெய்ய விடறேன். அடுத்த வருஷம் எந்த மழை வரும்னு ஆர்க்கும் அறியாது. அதனால வரக்கூடிய எல்லா மழையையும் இதுல பெய்ய விட்டுப் பாக்கறது."

"அதுதான் அந்த அன்சர்ட்டன்டியா?"

மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டார். "அதில ஒரு வகை. தெரியாதது எல்லாம் ஒண்ணு போல இல்ல அம்மா. அதுதான் இங்க தினமும் வழக்கு."

அன்று பாத்திரம் கழுவும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி டீக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்கு ஒருநாளும் சரியாகத் தெரிந்ததில்லை. சர்க்கரை டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்பதும் பல நாள் தெரியாது. ஆனால் டப்பாவின் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆட்கள் விஷயத்தில் திறக்க ஒரு மூடியும் இல்லை. இத்தனை காலம் இரண்டுக்கும் ஒரே கவலையைப் பட்டிருக்கிறேனே என்று சிரிப்பு வந்தது.

அப்போது எனக்கு இருந்த பெரிய கவலை அக்கா.

விதுராவுக்கு மேலே, மலையில், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அக்கா தனியாக இருக்கிறாள். கொழுந்து பறித்துக் கை காய்த்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை இல்லை. லயத்தில், அதாவது ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில், கடைசி வீடு அவளுடையது. வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் மலை ஏற ஆரம்பித்துவிடும். போன மழைக்காலம் முடிந்து நான் போயிருந்தபோது அந்தப் பின்சுவரில், விளக்கு வைக்கும் பிறையின் ஓரத்திலிருந்து ஒரு வெடிப்பு கீழே இறங்கியிருந்தது. பயந்துபோனேன். மலை மொத்தமாக இறங்கி வந்த ஊர்களை எல்லோரையும் போல நானும் டிவியில் பார்த்திருக்கிறேன்.

"எங்கூட வந்து இரு அக்கா" என்றேன்.

"வயசான உடம்புல கோடு விழலியா? அது மாதிரி பழைய வீடு. உன் கரமனை ரூம்புல கோழி எங்க மேயும்?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆகவே, அந்த மலையை அளக்க எங்கள் அலுவலகத்திலிருந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீயை மேசையில் வைத்தபடியே, "அங்க எங்க அக்கா இருக்கா" என்றேன்.

"அப்போ டீ அக்கா வீட்டிலதான்" என்றார் மேடம். "நீங்களும் வரணும். லயத்துல பேச ஒரு ஆள் எங்களுக்கு வேணும்."

முந்தின நாளே பஸ் பிடித்துப் போய்விட்டேன். நான் போன நேரம் லயமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளியில் சுண்ணாம்பு. கொஞ்சம் நீலம் போட்டு, ஒட்டுவதற்குக் கஞ்சித்தண்ணீர் விட்டு, தேங்காய்நார்க் கொத்தால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் இது பழைய பழக்கம். துரையோ டாக்டரோ பார்வையிட வருகிறார் என்றால் அதற்கு முன்பே சுவர் வெளுத்திருக்க வேண்டும், பானைகள் கவிழ்ந்திருக்க வேண்டும், கோழிகள் கூடைக்குள் இருக்க வேண்டும். சுவரில் வெடிப்புத் தெரிந்தால் வீட்டுக்காரி சோம்பேறி என்று பேர். வீட்டைப் பழுது பார்க்க யாரும் வரப்போவதில்லை என்பதால், வெடிப்பு விழுந்தால் அன்றைக்கே களிமண்ணும் சாணியும் பிசைந்து நாங்களே அடைத்துவிடுவோம்.

நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். என் அலுவலகத்துக்காரர்கள் என் அக்கா வீட்டுக்கு வருகிறார்கள். அக்கா மண்ணை வைத்து அடைத்துக்கொண்டே போக, பின்னால் நான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தபோது அந்தச் சுவர் வெயிலில் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது.

மறுநாள் ஜீப் வந்தது. மேடம், கூட வேலை செய்யும் பிள்ளைகள், பாறசாலைப் பக்கத்து டிரைவர் தம்பி. லயத்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். "வெடிப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்ல மேடம்." "கதவு இறுகுதா?" "இல்ல மேடம், நல்லா மூடுது." வீட்டுக்கு வீடு அதே பதில். யாரும் பொய் சொல்லவில்லை. அடைத்த வெடிப்பு எங்களுக்கு வெடிப்பு இல்லை. நிலம் அசைந்தால் கதவு இறுகும் என்பது பிறகுதான் தெரிந்தது; போன மழைக்குப் பிறகு கதவு இறுகியபோது அடியைச் சீவிவிட்டார்கள். சீவிய கதவு நன்றாகத்தானே மூடும்.

கடைசியில் அக்கா வீடு. அக்கா தலைக்கு எண்ணெய் வைத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மேடம் என்னை அம்மா என்பதால் அக்காவை வலியம்மா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டு, நின்ற வாக்கில் பின்சுவரில் சாய்ந்து கையை ஊன்றினார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்க வெள்ளை.

மேடம் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "வலியம்மா, இது எப்போ அடிச்சது?"

"நேத்துதான் மேடம்" என்றாள் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. "நீங்க வாரீங்கன்னுதான். லயம் முழுக்க அடிச்சிருக்கோம். இவளும் வந்து அடிச்சா."

"லயம் முழுக்கவா?"

"ஒரு வீடு விடல."

மேடம் மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் தம்பி ஜீப்பில் சாய்ந்துகொண்டு, "பொண்ணுக்கு உள்ள மருவெல்லாம் பாக்கணும்னு வந்தா, நீங்க பவுடரப் பூசி உக்கார வச்சிட்டீங்களே ஆச்சி" என்றான்.

"போடா, வீட்டுக்கு வாரவுகள அழுக்குச் சுவரோடயா உக்கார வைப்பாக?" என்றாள் அக்கா.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவர்கள் வந்ததே அந்த வெடிப்பைப் பார்க்கத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

மேடம் எழுந்து வந்து, "தப்பு எங்க மேலயும் உண்டு. வரோம்னு ஆளை விட்டுச் சொன்னோமே தவிர, எதுக்கு வரோம்னு சொல்லல" என்றார். பிறகு எங்கள் இருவரையும் சுவர் முன்னால் நிறுத்தி, வெடிப்பு எங்கே இருந்தது என்று கேட்டார்.

"இந்தப் பிறையில இருந்து நேரா கீழ" என்றாள் அக்கா.

"நேரா இல்லக்கா. சாய்ஞ்சு போச்சு, மூலையப் பாத்து."

"ஏட்டி, தெனம் பாக்குறவ நானா நீயா?"

"எத்தனை வீதி, அகலம்? விரல் போகுமா?" என்றார் மேடம்.

"சுண்டுவிரல் போகும்" என்றாள் அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தது உண்மை, பயந்தது உண்மை. ஆனால் விரல் போகுமா, நகம் மட்டும் போகுமா? கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு நேரம் இப்படித் தெரிந்தது, ஒரு நேரம் அப்படி. வழக்கம்போலச் சிரித்து நகர்ந்துவிட இடமும் இல்லை.

"எனக்குச் சரியாத் தெரியாது மேடம்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரொம்ப உபகாரம் அம்மா. அதையே எழுதறேன்" என்றார் மேடம். சும்மா சொல்லவில்லை. வெடிப்பு இருந்தது, இருவர் பார்த்திருக்கிறார்கள், அகலமும் போக்கும் உறுதியில்லை என்று கூட வந்த பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்தார். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. என் 'தெரியாது'வை ஒருவர் உபகாரம் என்று சொல்லி வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இதை எழுதும்போதும் அந்த நேரம் நெஞ்சில் இருக்கிறது.

பிறகு அக்கா சும்மா விடுவாளா? "எல்லாம் சரி மேடம். இந்த மலை விழுமா, விழாதா? ஒண்ணு சொல்லிட்டுப் போங்க."

"அறியாது வலியம்மா."

"இம்புட்டுப் படிச்சிட்டுத் தெரியாதுன்னா?"

"நாலு விதமா அறியாது" என்றார் மேடம். கோபமே இல்லாமல், வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "மழை எத்தனை பெய்யும்னு எனக்கு அறியாது. அது உலகத்துல ஆர்க்கும் அறியாது, எத்தனை படிச்சாலும். இந்த மண்ணுக்கு அடியில பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னும் அறியாது. ஆனா அது இன்னைக்குத்தான் அறியாது, குழி எடுத்துப் பாத்தா அறியும். பின்னே, மலை எப்படி நகரும்னு நாங்க ஒரு கணக்கு வச்சிருக்கோம். அந்தக் கணக்கே இந்த மலைக்குச் சேருமான்னு அறியாது. எனக்கு இது மூணிலயும் வச்சு ரொம்பப் பயம் இந்த மூணாவதுதான்."

"நாலாவது?"

"நாலாவது நீங்க ரெண்டு பேரும் அடிச்ச சுண்ணாம்பு."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படிக் கரண்டியை எடுத்துவந்து அவளே சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். மண்ணை நோண்டி எடுத்த பிறகும் அது பழைய வெடிப்பா, சுரண்டியதில் வந்ததா என்று பாதி இடத்தில் சொல்ல முடியவில்லை. தெரிந்த இடத்தில், வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகள் இரண்டை மேலும் கீழுமாக வைத்து, முனைகளில் சிமெண்ட் அப்பி ஒட்டினார்கள். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி கீறிவிடுமாம்.

"இதுக்கு மேல வெள்ளையடிக்கக் கூடாது" என்றார் மேடம்.

"பொட்டு வச்ச மாதிரி நல்லாத்தான் இருக்கு. அடிக்கல போங்க" என்றாள் அக்கா.

சில நாள் கழித்து, திரையில் எங்கள் மலை வந்தது. அக்காவின் லயம் மஞ்சள். அந்த மஞ்சளின் மேல் சாய்வாகக் கோடு கோடாகப் போட்டிருந்தார்கள். டீயை வைத்துவிட்டு நின்றேன். இப்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை.

"நிறம் எங்க கணக்கு அம்மா" என்றார் மேடம். "கோடு, அந்தக் கணக்கை ரொம்ப நம்பாதேன்னு நாங்களே சொல்றது. சில பேருக்கு இந்தக் கோடு பிடிக்காது. சிவப்பா பச்சையான்னு ஒண்ணு சொல்லும்பாங்க, உங்க அக்கா மாதிரி."

"குழி எப்ப எடுப்பீங்க மேடம்?"

"அதுக்கு மெஷின் மேல போகணும். மழைக்கு முன்னாடி நடக்காது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "அதாணு அம்மா விஷயம். நான் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி மழை வந்துடும். மழைக்காலத்துக்கு மட்டும் இறங்கி இருக்கச் சொல்லி லயத்துல எல்லார்க்கும் சொல்லப் போறோம். ஆனா எழுதின காகிதத்தைப் பாத்து உங்க அக்கா வருவாங்கன்னு எனக்குத் தோணல."

எனக்கும் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அக்கா, நோன்பு மாசத்துல ஒருநாள் ஆபீஸ்ல மீட்டிங். வெளியில இருந்து நெறைய ஆளு. எண்ணிப் பாத்து, ஆளுக்கு ஒண்ணுன்னு டீ போட்டேன். எண்ணிக்கை தப்பல, பால் தப்பல. ஆனா வந்ததுல பாதிப் பேரு நோன்பு. டீ அப்படியே ஆறிப்போச்சு. ஆளு இருந்தாக் குடிப்பாகங்குற என் நெனப்பே தப்பு. மேடம் பயப்படுறது அந்த மாதிரித் தப்புக்குத்தான்."

"டீ ஆறுனா கொட்டலாம்."

"அதான் சொல்லுதேன். மலைய அப்படிக் கொட்ட முடியாது."

அக்கா முறத்தை நிறுத்தினாள். "அப்ப விழும்ங்கிய?"

"சொல்லல."

"விழாதுங்கிய?"

"அதையும் சொல்லல."

"பின்ன என்னத்துக்கு வந்து இம்புட்டுப் பேசுத?"

"தெரிஞ்சிக்கிடக் கூடிய ஒண்ணு மண்ணுக்குள்ள இருக்குக்கா. அதத் தெரிஞ்சிக்கிடுற வரைக்கும், மழை முடியுற வரைக்கும் மட்டும் எங்கூட வந்து இரு. விழலன்னா என்னைத் திட்டு, பரவால்ல. விழுந்து நீ இல்லாம நான் என்ன செய்ய?" கடைசியில் சொன்னது நான் மனதில் வைத்திருந்த பேச்சில் இல்லை. தானாக வந்துவிட்டது.

"நீ பொறந்ததுல இருந்து இம்புட்டு ஒண்ணாப் பேசி நான் கேட்டதில்ல" என்றாள் அக்கா. பிறகு அரிசியைப் பார்த்துக்கொண்டு, "கோழியையும் கொண்டாருவேன். வீட்டுக்காரி ஒத்துக்கிடுவாளா கேளு" என்றாள்.

வீட்டுக்காரம்மா ஒத்துக்கொண்டார்கள். ஆற்றோரத்துப் பழைய அக்ரஹாரத் தெருவின் பின்பக்கத்தில் என் அறை. "கோழி வாசப்பக்கம் மட்டும் வரப்படாது கேட்டேளா" என்று சொல்லிக் கொல்லையை விட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் கோழிக்கு இடம் கொடுத்த மனசை நான் மறக்க மாட்டேன். லயத்தில் மற்றவர்களும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கும் போய் இருந்தார்கள்.

மழை பிடித்தது. அந்த வருஷம் பேய்மழை என்றுதான் நான் சொல்வேன். அக்கா அப்படிச் சொல்ல மாட்டாள். ஒரு கட்டிலில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எனக்குச் சாரல் ஆகாது. என் குழம்பில் புளி போதாது என்பாள். நான் வேலைக்குப் போய் வருவதற்குள் தெருவில் பாதிப் பேரிடம் அவள் பழகியிருந்தாள். நான் இத்தனை வருஷமாகத் தலையாட்டிவிட்டுப் போன வீடுகளில் எல்லாம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வருவாள். காலையில் எழுந்ததும் பள்ளிக்கூடத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போடுவாள்.

"எட்டி, விழுந்திச்சா?"

"இல்லக்கா."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "விழலியாம்." ஏதோ நான் விழச் சொன்ன மாதிரி.

ஆடி போய் ஆவணியும் வந்தது. மலை விழவில்லை. "உங்க மேடம் வாக்குப் பொய்யாப் போச்சு பாத்தியா? என் கோழி மூணு மாசமா இந்த ஐயமார் தெருவுல மருவாதை படிச்சதுதான் மிச்சம்" என்றாள். மேடம் விழும் என்று ஒருநாளும் சொல்லவில்லை என்றேன். "நல்ல வக்கீல்தான் நீ" என்றாள்.

மழை விட்ட பிறகு எல்லோரும் சேர்ந்து மேலே போனோம். லயம் அப்படியே நின்றது. பின்சுவரில் மேலே ஒட்டிய கண்ணாடி பழுதில்லாமல் இருந்தது. கீழே ஒட்டியது உடைந்திருந்தது.

டிரைவர் தம்பிதான் முதலில், "குரங்கு" என்றான். ஆள் இல்லாத வீடுகளில் குரங்கு பூந்து விளையாடியிருந்தது உண்மைதான். ஓட்டைப் பிரித்து, அக்காவின் உப்புப் பானையை உருட்டிப் போட்டிருந்தது.

மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நேரா கீறியிருக்கு. அடிச்சா நொறுங்கும், இது நொறுங்கல. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "வலியம்மா, குரங்கா மலையா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அக்காவுக்கு வாய்ப்பான இடம். குரங்கு என்று சொல்லிவிட்டால் அடுத்த மழைக்கு அவள் வீட்டிலேயே இருக்கலாம். அதற்குத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தாள். அவளும் முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலை வைக்கப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"தெரியலியே மேடம்" என்றாள். "குரங்கும் வந்திருக்கு. மழையும் வந்திருக்கு. நான் இங்க இல்ல."

அந்த வெயில் காலத்தில் மெஷின் மேலே போனது, குழி எடுத்தார்கள். பாறை நினைத்ததைவிட ஆழத்தில் இருந்தது தெரிந்தது. கூடவே, யாரும் நினைத்திராத ஒரு பக்கத்திலிருந்து மண்ணுக்குள் தண்ணீர் வருவதும் தெரிந்தது. ஒரு தெரியாதது போய் இன்னொரு தெரியாதது வந்தது என்று மேடம் சிரித்தார். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. கோடு மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்கள், கணக்கை முன்னைவிடக் கொஞ்சம் நம்பலாம் என்று.

இப்போதும் மழைக்கு முன்னால் ஜீப் வரும். யாரும் வெள்ளையடிப்பதில்லை. வெடிப்புக்கு நேராகப் பாயை விரித்து, அதன் முன்னால்தான் உட்கார வைக்கிறார்கள். லயத்துக்குப் புதிதாக மருமகளாக வந்த பெண் ஒருத்தி வழக்கம்போலச் சாணியைப் பிசைந்துகொண்டு வந்தாளாம். "வையிட்டி அத. அது மேடத்துக்கு" என்று அக்கா தடுத்தாளாம்.

ஒவ்வொரு வருஷமும் மேகம் திரண்டதும் அக்காவே போன் செய்வாள். கட்டிலைச் சுவரோரம் தள்ளு, ஜன்னலுக்குக் கொக்கி போடு என்று உத்தரவு வரும். கல்யாணமாகி ஆளுக்கொரு வீடாகப் பிரிந்த பிறகு நாங்கள் ஒரே கூரையில் இருந்ததில்லை. விழாத மலை எனக்கு என் அக்காவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. விழும் என்று பொய்யாகப் பயமுறுத்தாமல், விழாது என்று பொய்யாகத் தேற்றாமல், தனக்குத் தெரியாததைப் பிரித்துப் பிரித்து எங்கள் கையில் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று யோசித்திருக்கிறேன். டீயில் ஏலக்காய் கூடுதலாகப் போடுகிறேன். அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கிவிட்டது. கொல்லையில் கோழிகள் கத்துகின்றன. அக்கா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள்.

"இந்த வருஷம் விழுமாட்டி?"

"தெரியாதுக்கா."

"எந்தத் தெரியாது?"

"மழைத் தெரியாது."

"அப்பச் சரி" என்றாள். "டீயப் போடு."